மலைக்கும் வீட்டுக்கும் நடுவில்

கல்யாணமாகி நான் அந்தக் கல்வீட்டுக்குப் போனது எழுபத்தைந்திலோ எழுபத்தாறிலோ. வீட்டுக்குப் போனேன் என்று சொல்வதே தப்பு. வீட்டின் பின்பக்கத்துக்குப் போனேன். கொடைக்கானலிலிருந்து பள்ளங்கிக்கு இறங்கும் பாதையில், மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கிய ஒரு தட்டில், வெள்ளைக்காரர்கள் கட்டிய வீடு அது. என் கணவர் அதற்குக் காவல்காரர். தோட்டக்காரர், தச்சர், கொத்தனார் வேலைகளும் அவருடையவைதான். வேலைக்காரர்களுக்கென்று பின்னால் மூன்று அறைகள் இருந்தன. அதில் ஒன்றில் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குடியிருந்தேன்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பத்தாவது வரை படித்து, டீச்சராக வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது எங்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். மண்டபம் முகாமில் சில மாதம். பிறகு பேரிக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை என்று அப்பாவையும் அம்மாவையும் இந்த மலைக்கு அனுப்பினார்கள். எனக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை கன்னிவாடிப் பக்கம், குடிக்க மாட்டார், கல்வீட்டில் குடியிருக்கிறார் என்றார்கள். கல்வீடு என்ற சொல்லில் அம்மா விழுந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். அறைக்குள் வந்து நின்று சுற்றிப் பார்த்தாள். ஒரே வாசல், பின்சுவரில் சன்னல் கிடையாது, கூரைக்குக் கீழே கையளவுக்கு ஒரு சந்து. கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடியே சொன்னாள்.

"இதுவும் காம்பராதானே புள்ள. கடலத் தாண்டி வந்தும் அதே காம்பரா."

லயத்து அறையைத்தான் எங்கள் ஆட்கள் காம்பரா என்பார்கள். நான் அவளைச் சமாதானப்படுத்துவதற்காக, வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் வா என்று கூட்டிப்போனேன். அப்போதுதான் நானும் அதை முழுதாகப் பார்த்தேன்.

அழகான வீடு. அதை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. சாம்பல் நிறக் கருங்கல், அளவாகக் கொத்திய பெரிய மூலைக்கற்கள், நடுவில் சின்னதும் பெரியதுமாகப் பொருந்திய கற்கள். பள்ளத்தாக்கைப் பார்த்து வரிசையாகச் சன்னல்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட வராந்தா. அங்கே உட்கார்ந்தால் மேகம் காலுக்குக் கீழே போகும். நான்கு அறைகளில் குளிர்காயும் அடுப்பு, கூரையில் நான்கு புகைபோக்கி. பலகைத் தளம் தரையைத் தொடாமல் இரண்டடி உயர்ந்து நிற்கும். அடியில் காற்று ஓட இரும்புச் சல்லடை வைத்திருந்தார்கள். சமையலறை மட்டும் தனியே, கூரை போட்ட ஒரு நடைபாதைக்கு அந்தப் பக்கம்.

அம்மா வராந்தாப் படியில் ஏறப்போனாள். என் கணவர் ஓடிவந்தார்.

"அத்த, அந்தப் பக்கம் ஏறாதீங்க. நமக்குப் பின்னாடி வழி இருக்கு."

அம்மா காலைக் கீழே எடுத்து வைத்தாள்.

வீட்டுக்காரி ஒரு வயதான துரைசாணி. மிஷன் வேலையில் ரொம்பக் காலம் இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நல்ல தமிழ் பேசுவார். என்னைத் திட்டியதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கம்பளி நூலும் கொடுப்பார். அவர் நான்கு அறைகளில் தனியாக இருந்தார், நாங்கள் ஒரு அறையில் இருந்தோம். மற்ற இரண்டு அறைகளில் விறகும் உடைந்த நாற்காலிகளும் இருந்தன. இதை அவரும் என் கணவரும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

என் கணவருக்கு அந்த வீட்டின் மேல் ஒரு பைத்தியம். நான் வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெள்ளனே எழுந்து டீகூடக் குடிக்காமல் சுவரைச் சுற்றி ஒரு நடை போவார். எங்கே சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, எந்த இடுக்கில் செடி முளைத்திருக்கிறது என்று விரலை விட்டுப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆசையாகப் பேசியதெல்லாம் சுவரைப் பற்றித்தான்.

"ரெண்டடி கனம் புள்ள. வெளிய ஒரு கல்லு, உள்ள ஒரு கல்லு, நடுவுல பொடிக்கல்லும் சுண்ணாம்பும். எடையெடையில நீளக்கல்லு ஒன்னு குறுக்க ஓடி ரெண்டையும் இழுத்துப் புடிச்சுக்கிரும். சுண்ணாம்பு மழத்தண்ணியக் குடிக்கும், வெயிலடிச்சா வெளிய விட்ரும். செவுரு மூச்சு விடுது, தெரியுமா?"

ஒரு மழைக்காலத்தில் எங்கள் அறையின் பின்சுவர் ஈரமாகி, பாய் நுனியெல்லாம் பூஞ்சை பிடித்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் உற்சாகமாக ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். மலையை வெட்டிய இடத்தில் மண் சரியாமலிருக்க இரண்டாள் உயரத்துக்கு ஒரு தடுப்புச்சுவர். அதையொட்டி ஒரு சின்ன வாய்க்கால். அதற்கு இந்தப் பக்கம் எங்கள் மூன்று அறைகள். பிறகு முற்றம். பிறகுதான் பெரிய வீடு.

"மலைக்குள்ள எறங்குற தண்ணி மொதல்ல தடுப்புச்செவுத்துக்குத்தான் வரும். அதுல வரிசையா ஓட்ட வச்சிருக்கான் பாரு, அது வழியா வாய்க்கால்ல விழுந்து போயிரும். அதயும் மீறி வர்ற ஈரம் நம்ம ரூமோட நின்னுரும். மேல இருந்து கல்லு உருண்டாலும் நம்ம ரூமு தாண்டித்தான் போவணும். பெரிய வீட்டுக்குச் சொட்டு ஈரம் போவாது. என்னா மூள பாத்தியா!"

"அப்ப நம்மள எதுக்குங்க இங்க வச்சிருக்காங்க?"

"வேலைக்குத்தான். வேற எதுக்கு?"

அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. படம் வரைந்த குச்சியைத் தூரப் போட்டுவிட்டுச் சோலியைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இலங்கையில் லயம் கட்டியவனும் இங்கே இதைக் கட்டியவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான் என்று தோன்றியது.

மகள் பிறந்தாள். இரண்டு வயதில் அவளுக்கு இழுப்பு வந்தது. மழைக்காலம் முழுக்க நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல ஒரு சத்தம். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டர், ஈரமில்லாத இடத்துக்கு மாறினால்தான் சரியாகும் என்றார். பள்ளங்கியில் ஒரு அறை பார்ப்போம், நீங்கள் அங்கிருந்து நடந்து வேலைக்கு வரலாம் என்றேன்.

"ராத்திரி வீட்ட யாரு பாக்குறது?"

"புள்ளைய யாருங்க பாக்குறது?"

"உங்கம்மாகிட்ட விடுவோம். அங்கதான் வெயிலு படுது."

அப்படித்தான் என் மகள் பேரிக்காய்த் தோட்டத்தில் அம்மாவிடம் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பேன். முதலில் என்னைக் கண்டால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். பிறகு பிறகு, விருந்தாளியைப் பார்ப்பதுபோல அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அவளுக்கு இழுப்பு நின்றுவிட்டது. அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனாலும் அவரை மன்னிக்கவில்லை.

எழுபதுகள் முடியும்போது துரைசாணி உடம்புக்கு முடியாமல் தன் நாட்டுக்கே போய்விட்டார். போகும்போது காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி என் கணவரிடம், "வீட்டை நல்லாப் பார்த்துக்கோ" என்றார். இவர் அழுதார். இவருடைய அப்பா செத்த சாவுக்குக்கூட இப்படி அழவில்லை என்று பிறகு கன்னிவாடியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் சொன்னார்.

இரண்டு வருஷம் வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு கீழேயிருந்து ஒரு வியாபாரி வாங்கினார். சுற்றுலாவுக்கு வருகிறவர்களை வைத்து நடத்தும் விடுதியாக ஆக்குவதுதான் அவர் எண்ணம். எங்களை முதலாளி போகச் சொல்லவில்லை. "நீ இருப்பா, ஒனக்குத்தான் இந்த எடம் தெரியும்" என்றார். என் கணவர் என்னைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் சத்துணவுத் திட்டம் வந்தது. பத்தாவது படித்த பெண் என்று எனக்குப் பள்ளங்கிப் பள்ளிக்கூடத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. டீச்சராக வேண்டும் என்று நினைத்தவள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது சோற்றுப் பானையோடுதான். இருந்தாலும் தினம் காலையில் அந்தப் பின்பக்கத்தை விட்டு வெளியே போக ஒரு வழி கிடைத்ததே என்றிருந்தது.

முதலாளிக்குக் கல் பிடிக்கவில்லை. ஜெயில் மாதிரி இருக்கிறது என்றார். வெளிச்சுவர் முழுக்கச் சிமெண்டு பூசி, கிரீம் கலர் பெயிண்ட் அடிக்க ஆள் கொண்டுவந்தார். என் கணவர் முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

"மொதலாளி, இது சுண்ணாம்புல கட்டுன செவுருங்க. சிமிட்டி பூசுனா ஈரம் உள்ளயே நின்னுக்கிரும்ங்க."

"ஏம்ப்பா, நீ இன்சினியருக்குப் படிச்சிருக்கியா?"

"இல்லைங்க."

"அப்ப கம்முனு இரு."

சிமெண்டு பூசினார்கள். அடுத்து தடுப்புச்சுவருக்கு மேலே இருந்த சரிவில் மண் கொட்டி நிரப்பி, கார் நிறுத்த இடம் செய்தார்கள். அதற்கும் அடுத்து முதலாளியின் கண் தடுப்புச்சுவரில் விழுந்தது. ஓட்டைகளிலிருந்து தண்ணீர் வடிந்து வடிந்து சுவரில் பச்சையும் கருப்பும் கோடு கோடாகப் பாசி பிடித்திருக்கும். வருகிற ஆட்கள் காரை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வரும்போதே இந்தக் கண்ணராவிதான் தெரிகிறது என்றார். ஓட்டையை அடைத்து, பூசி, வெள்ளையடித்துவிடச் சொன்னார்.

"அத மட்டும் செய்யக் கூடாதுங்க மொதலாளி. தண்ணிக்குப் போக்கிடம் வேணும்ங்க."

"வேணும்னா வேற ஆள வச்சு அடைச்சுக்கிறேன். அதே ஆளு இங்க தங்கிக்கிரட்டும்."

மறுநாள் சனிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. என் கணவர் சாந்து குழைத்தார். ஏணியில் ஏறி நின்றுகொண்டு, "இந்தா, எடுத்துக் குடு" என்றார். நான் சட்டியில் எடுத்து எடுத்து நீட்டினேன். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் அவர் முதலில் கையை விட்டு மண்ணைத் துடைத்து வெளியே போட்டார், ஏதோ காயத்துக்கு மருந்து வைக்கிறவர்போல. பிறகு அடைத்தார்.

"இது தப்புங்க. உங்களுக்கே தெரியுது" என்றேன்.

"தெரியும் புள்ள."

"பெறகு ஏன்?"

"வேற எவனாவது வந்தா வீட்டயே நாசமாக்கிருவான். நான் இருந்தாத்தான் இதப் பாத்துக்கிற முடியும்."

நான் அடுத்த சட்டியை நீட்டினேன். நீட்டாமல் இருந்திருக்கலாம். சட்டியைக் கீழே போட்டுவிட்டு என் மகளிடம் போயிருக்கலாம். இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. இவர் சொன்னதெல்லாம் வீண் பயம் என்று முதலாளி நினைத்திருப்பார். மூன்றாவது வருஷம் ஐப்பசியில் மழை பிடித்து, பத்து நாள் விடவில்லை. எங்கள் அறைத் தரையில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. சுவரிலிருந்து வாய்க்காலுக்கு ஒன்றும் வடியவில்லை, எங்கள் தரை நனைந்தது. தண்ணீர் வேறு வழி தேடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கி ட்ரங்குப் பெட்டியத் தூக்கி வெறகு ரூம்ல வச்சிர்றேன்" என்றார். அந்த அறையும் அதே சுவரை ஒட்டியதுதான். பெரிய வீட்டில் ஆறு கட்டில் காலியாகக் கிடந்தன. மழைக்கு விருந்தாளிகள் யாருமில்லை. அங்கே கொண்டு போய் வைக்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மதியம் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கேரட் லாரியில் வேலை பார்க்கும் ஒருவர் நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"யக்கா, வெரசா வாங்க. செவுரு விழுந்துருச்சு. அண்ணன் உள்ள இருக்காரு."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன். போய்ப் பார்த்தபோது மூன்று அறைகளும் இருந்த இடத்தில் கல்லும் சேறும் தகரமும். தடுப்புச்சுவர் நடுவில் வயிறு தள்ளிப் பிளந்து, மேலே கொட்டிய மண்ணோடு இறங்கியிருந்தது. நாலைந்து பேர் கடப்பாரையால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் இடுப்புக்கு மேலே வெளியே இருந்தார். நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"பெரிய வீட்டுக்கு ஒன்னும் ஆகலையே?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு சன்னல் கண்ணாடிகூட விரியவில்லை. சரிந்து வந்த மண் முற்றத்தின் பாதியில் நின்றுவிட்டது. கட்டியவன் நினைத்தபடியே எல்லாம் நடந்திருந்தது. மலை இறங்கி வந்தால் எங்கள் அறைகள் வாங்கிக்கொள்ளும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான், வாங்கிக்கொண்டன.

"ஒன்னும் ஆகல" என்றேன்.

ஜீப்பில் கொடைக்கானலுக்கு, அங்கிருந்து மதுரைக்கு. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள், ஆனால் அது பிறகு மடங்கவே இல்லை. இரண்டு விரல்கடை குட்டையாகவும் போய்விட்டது. மூன்று மாதம் கழித்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு மலைக்குத் திரும்பினார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்தார். முதலாளியும் கூட வந்து, ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் நின்றார். எப்படி விழுந்தது என்று அதிகாரி கேட்டார்.

"மழதாங்க. யாரு மேலயும் தப்பு இல்லைங்க."

நான் பொறுக்கமாட்டாமல், "ஓட்டைய அடைச்சதச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லாமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "அடைச்சது நாந்தான புள்ள."

அதிகாரி என்ன ஓட்டை என்று கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே, "பழைய சுவர் சார், அங்கங்க ஓட்டை இருந்துச்சு, இவரு அடைச்சாரு" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். இவர் கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வந்து வராந்தாக் குழாயில் முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

அறைகளைத் திருப்பிக் கட்டவில்லை. இடிந்த கல்லை எடுத்து வாசலில் இரண்டு தூண் கட்டி விடுதியின் பெயர்ப் பலகையை மாட்டினார்கள். நாங்கள் பள்ளங்கியில் ஒரு அறைக்குப் போனோம். சன்னல் வைத்த அறை. என் மகள் திரும்ப எங்களோடு வந்து சேர்ந்தாள். அப்பாவின் காலைப் பார்த்துப் பயந்தாள், பிறகு பழகிவிட்டாள். நான் நினைத்தேன், இனி எங்களுக்கென்று ஒரு வாழ்க்கை ஆரம்பிக்கும் என்று.

ஒரு வருஷம் இருக்கும். கல்வீட்டுக்குள் ஈரம் ஏறிவிட்டது என்று ஊரில் பேச்சு வந்தது. சிமெண்டுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் உட்பக்கமாகக் கசிந்து, மெத்தையெல்லாம் நாற்றம், வந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்றார்கள். மெட்ராஸிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பார்த்தார்களாம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சிமெண்டு முழுவதையும் பெயர்த்தெடுக்க வேண்டும், இது சுண்ணாம்புச் சுவர், மூச்சு விட வேண்டும் என்றாராம். முற்றத்தில் கைகட்டி நின்று இவர் சொன்ன அதே பேச்சு.

முதலாளியின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. ஹாரன் அடித்தார்.

"வாப்பா. கல்லு ஒடையாம உரிக்க ஒன்னாலதான் முடியும்."

இவர் சுவரைப் பிடித்து எழுந்தார். நான் வாசலை மறித்து நின்றேன்.

"போனீங்கன்னா நான் உங்களோட பேச மாட்டேன்."

"கோவப்படாத புள்ள. செவுரு செத்துக்கிட்டு கெடக்கு. அது என்னா பாவம் பண்ணுச்சு?"

போனார். மடங்காத காலை நீட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, சின்ன உளியும் சுத்தியலுமாகச் சுவரை உரித்தார். எட்டுகிற வரை அவர், அதற்கு மேல் சாரத்தில் வேறு ஆட்கள், இவர் கீழேயிருந்து சொல்லச் சொல்ல. எட்டு மாதம். நான் சொன்னபடியே பேசவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். பேச்சு மட்டும் இல்லை.

ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் நானே எடுத்துக்கொண்டு போனேன். முன்பக்கச் சுவர் பாதி உரிந்து, பழைய சாம்பல் நிறக் கல் வெளியே வந்திருந்தது. வெயிலில் ஒவ்வொரு கல்லும் கழுவி வைத்ததுபோல இருந்தது. அவர் தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூசி. என்னைப் பார்த்ததும், நான் பேசமாட்டேன் என்பதையே மறந்துவிட்டார்.

"இங்க தொட்டுப் பாரு. இங்க. காய ஆரம்பிச்சிருச்சு. ஒரு கல்லுக்கும் சேதாரம் இல்ல. அப்படியே திரும்பி வந்துருச்சு புள்ள."

என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். கல் இளஞ்சூடாக இருந்தது. அத்தனை மாதம் பேசாமல் வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"உங்க காலு திரும்பி வந்துச்சா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். முகத்தில் அப்படியொரு வெறுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தூக்கைத் திறந்து, கையைக் கழுவாமலே சாப்பிட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்றேன். இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம். அரிசி, மகளின் பள்ளிக்கூடம், தண்ணீர் வராத குழாய், எல்லாம் பேசினோம். அந்த வீட்டைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் முதலாளி அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கால் ஊனமான ஆள் விருந்தாளிகள் கண்ணில் படுவது நன்றாக இல்லையாம். அதைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை. லாரிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

முதலாளி மேல் உனக்குக் கோபம் இல்லையா என்று மகள் பெரியவளான பிறகு ஒருமுறை கேட்டாள். இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் இத்தனை வருஷத்தில் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை. என் கோபம் முழுக்க, பக்கத்தில் படுத்திருந்த மனிதர் மேல்தான் போய் விழுந்தது. அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.